ஜாடியின் அடியில் ஒரு கட்டைவிரல்

எங்கள் வீட்டில் பழுப்பும் வெள்ளையுமாக ஓர் ஊறுகாய் ஜாடி இருக்கிறது. எல்லார் வீட்டிலும் இருக்கிற ஜாடிதான். ஆனால் அதைக் கழுவுவதென்றால் நான்தான் கழுவுவேன், வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை. போன மாதம் இரண்டு பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். தொழிலாளர் துறையில் என்னிடம் வேலை பழகியவர்கள், இப்போது அவர்களே ஆய்வாளர்கள். காபி போடும்போது உதவி செய்கிறேன் பேர்வழி என்று ஒருத்தி சமையலறைக்குள் வந்து, அந்த ஜாடியைத் தூக்கிக் கவிழ்த்துவிட்டாள்.

"மேடம், அடியில கைரேகை இருக்குதே. எதுனா குழந்தை அழுத்திடுச்சா?"

"குழந்தை இல்லம்மா. நாப்பத்திரண்டு வயசு ஆளு. செத்துப்போன பெறகு வெச்ச ரேகை" என்றேன். அவள் ஜாடியை மெதுவாக இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

அவர்கள் வந்த காரணம் வேறு. வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற பிள்ளைகளைப் பற்றி ஒரு புகார் வந்திருக்கிறதாம். சட்டையில் கம்பெனி பெயர், தலையில் கம்பெனி தொப்பி, எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று சொல்வதும் கம்பெனி. விசாரித்தால் அந்தப் பிள்ளைகளே, "நாங்க அங்க வேலை செய்யல மேடம், நாங்க பார்ட்னரு" என்கிறார்களாம். இதை அறிக்கையில் எப்படி எழுதுவது என்று கேட்டார்கள். பதில் சொல்ல எனக்கு அருகதை இருக்கிறதா என்று தெரியவில்லை. நடந்ததைச் சொன்னேன். எழுதியும் கொடுங்கள் என்றார்கள்.

நான் தேர்வெழுதி, பயிற்சி முடித்து, மூன்று ஊர்களில் பெட்டி கட்டி இறக்கிய பிறகு விருத்தாசலத்துக்கு உதவி ஆய்வாளராக வந்தேன். பயிற்சியில் சட்டப் பிரிவுகளை ஒப்பிக்க வைத்தார்கள். நாற்பது பேர் ஒரே குரலில் 'நாங்கள் இங்கே இல்லை' என்று சொன்னால் என்ன செய்வது என்று அதில் இல்லை.

எனக்கு மேலதிகாரி ஆய்வாளர் தேவசகாயம் சார். ஒல்லியானவர். ஆய்வுக்குப் போகும் இடத்தில் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கமாட்டார். வீட்டிலிருந்து ஒரு பாட்டில் வரும். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஆறங்குல ஸ்டீல் ஸ்கேல் எப்போதும் நிற்கும். ஜன்னல் அகலம், இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி, தண்ணீர்த் தொட்டியின் ஆழம், எதைக் கண்டாலும் அளப்பார். ஆபீசில் அவருக்கு 'டெய்லர் சார்' என்று பெயர். அது அவருக்கும் தெரியும், கண்டுகொள்ளமாட்டார். தொழிற்சாலை வாசலில் ஐந்து நிமிடம் நிற்காமல் உள்ளே நுழைய விடமாட்டார்.

"மொதல்ல செருப்ப எண்ணுங்கம்மா" என்பார். "உள்ள போயிட்டா ஆளுங்க பேச ஆரம்பிச்சிடுவாங்க. அப்புறம் எண்ணத் தோணாது."

எனக்கு அது கிறுக்குத்தனமாகப் பட்டது. ஆனாலும் எண்ணினேன்.

ஒருநாள் ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்து. இரண்டே வரி. 'எங்கள் கம்பெனியில் யாரும் வேலை செய்யவில்லை. வந்து பாருங்கள்.' கீழே ஜாடி செய்யும் ஒரு கம்பெனியின் விலாசம். அதன் பெயர் இங்கே வேண்டாம். வேலை செய்யாத கம்பெனியைப் பற்றி எதற்குப் புகார் என்று நான் சிரித்தேன். தேவசகாயம் சார் சிரிக்கவில்லை. அவருக்கு அன்று கடலூரில் வேலை. என்னைத் தனியாகப் போகச் சொன்னார்.

விருத்தாசலத்தில் செராமிக் வேலை நடக்கும் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். வேப்பமரம் வெள்ளையாக இருக்கும், சைக்கிள் சீட்டு வெள்ளையாக இருக்கும், மனிதர்களின் புருவமும் வெள்ளையாக இருக்கும். அந்தக் கம்பெனி வாசலில் நாற்பது சோடி செருப்பு கிடந்தது. அதுவும் வெள்ளைதான். குறித்துக்கொண்டு உள்ளே போனேன்.

தகரக் கொட்டகை. முற்பகல் பதினோரு மணி வெயில் கூரையின் ஓட்டைகள் வழியாக இறங்கியிருந்தது. தரை முழுவதும் சுண்ணாம்பால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தார்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் ஆள், ஒரு மேசை, ஜாடி வார்க்கும் பிளாஸ்டர் மாவு அச்சுகள் அடுக்கிய ஒரு மரச்சட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கு மேலேயும் கம்பியில் ஒரு தகரப் பலகை தொங்கியது. 'சின்னதுரை எண்டர்பிரைசஸ்.' 'பழனிவேல் எண்டர்பிரைசஸ்.' இப்படி நாற்பது பலகைகள். காற்றில் ஒன்றோடொன்று இடித்து மெல்லச் சத்தம் போட்டன. அதைத் தவிர வேறு சத்தமே இல்லை. நாற்பது பேர் இருக்கிற இடத்தில் ஒரு பேச்சு, ஓர் இருமல் இல்லை.

முதல் ஆளிடம் கேட்டேன். "நீங்க இங்க என்ன வேலை செய்யறீங்க?"

"நான் இங்க வேல செய்யலைங்க. இது என் கம்பெனிங்க."

அடுத்தவரிடம் போனேன். "நான் இங்க வேல செய்யலைங்க. இது என் கம்பெனிங்க." அதே வார்த்தை, அதே இழுப்பு. மூன்றாவது ஆள், நான்காவது ஆள். பத்தாவது ஆளிடம் வந்தபோது எனக்குக் கை ரோமம் சிலிர்த்துக்கொண்டது. கேள்வியை நான் முடிப்பதற்குள் பதில் வந்தது. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் இருந்த எதையோ பார்த்தார்கள். திரும்பினேன், அங்கே மேஸ்திரி நின்றார். எந்நேரமும் அவர் அங்கேதான் நின்றிருக்கிறார். எனக்குக் காலடிச் சத்தம் கேட்கவில்லை.

இடையில் ஒரு மணி அடித்தது. நாற்பது முதலாளிகளும் ஒரே நேரத்தில் கையை எடுத்தார்கள். ஒரு பெண் கட்டம் கட்டமாகப் போய் டீ ஊற்றினாள். ஒருவர்கூடக் கோட்டைத் தாண்டவில்லை. ஒரு முதலாளி மேஸ்திரியைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினார், மேஸ்திரி தலையாட்டினார், முதலாளி கழிவறைக்குப் போனார். இதையெல்லாம் நான் பார்த்தேன். பார்த்தும் என்ன பார்க்கிறேன் என்று புத்தியில் உறைக்கவில்லை.

கடைசிக் கட்டத்தில் 'கலியபெருமாள் எண்டர்பிரைசஸ்' என்ற பலகைக்குக் கீழே ஓர் ஆள் நின்றார். உயரமானவர். அவரிடமும் கேட்டேன். அவர் அந்த வரியைச் சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை. அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்த ஈர ஜாடி ஒன்றைத் தூக்கிக் கவிழ்த்து, அதன் அடியில் தன் வலது கட்டைவிரலை அழுத்தி, என் முகத்துக்கு நேரே நீட்டினார். ரேகை அழகாகப் பதிந்திருந்தது. குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு.

"அது குறிங்க மேடம்" என்றார் மேஸ்திரி பின்னாலிருந்து. "யாரு ஜாடின்னு தெரியணுமில்ல. சூளையிலேருந்து கீறலோட வந்தா அடியப் பாத்து ஆளப் புடிச்சிடுவோம்."

அந்த ஊரில் இது வழக்கம்தான். ஜாடியின் அடியில் மட்டும் மெருகு பூசுவதில்லை, அதனால் ரேகை சூளைக்குப் போய் வந்தாலும் அழியாது. நான் தலையாட்டிவிட்டு நகர்ந்தேன். கலியபெருமாள் ஜாடியை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தார்.

மேனேஜர் தன் அறையில் பத்திரக் கட்டு ஒன்றை எடுத்து வைத்தார். கட்டத்தை வாடகைக்கு எடுத்து, கம்பெனியிடம் மண் வாங்கி, தன் பொறுப்பில் ஜாடி செய்து கம்பெனிக்கே விற்கிற சுயதொழிலதிபர் என்று ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். மேலாக நாலைந்தைப் புரட்டினேன். செருப்பை எண்ணிய நான் ஒப்பந்தத்தை எண்ணவில்லை. ஆபீசுக்கு வந்து அறிக்கை எழுதினேன். 'அங்கிருந்த அனைவரும் தாங்கள் சொந்தமாகத் தொழில் செய்பவர்கள் என்று தெரிவித்தனர். பணியாளர் எவரும் இல்லை.'

தேவசகாயம் சார் படித்துவிட்டு நிமிர்ந்தார். "எல்லாருமேவா சொன்னாங்க?"

"எல்லாரும்தான் சார்."

அவர் கையெழுத்துப் போட்டார். அந்தப் பொய்யை நான் வேண்டுமென்று சொல்லவில்லை. முப்பத்தொன்பது பேர் சொன்ன பிறகு நாற்பதாவது ஆளின் வாயிலும் அதே வரி என் காதில் விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஐந்து மாதம் கழித்துக் கலியபெருமாள் செத்துப்போனார். ஈர அச்சுகள் அடுக்கியிருந்த மரச்சட்டம் சரிந்து அவர் மார்பில் விழுந்தது. மாவு அச்சு தண்ணீர் குடித்தால் கல்லாகக் கனக்கும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அவர் மனைவி அஞ்சலை இழப்பீடு கேட்டு மனுக் கொடுத்தாள். கம்பெனி பதில் எழுதியது: 'கலியபெருமாள் எங்கள் தொழிலாளி அல்ல. அவர் தனி நிறுவனத்தின் உரிமையாளர். விபத்து நடந்தது அவருடைய நிறுவனத்தின் எல்லைக்குள். சரிந்த மரச்சட்டமும் அவருடையது.' பெயரைப் படித்ததும் எனக்கு அந்த நீட்டிய கை ஞாபகம் வந்தது.

இந்த முறை தேவசகாயம் சாரும் வந்தார். சாவு நடந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நடுமத்தியானம். அதே கொட்டகை, அதே கோடுகள். சார் வாசலில் குனிந்து செருப்பு எண்ணினார். நாற்பது சோடி.

"ஒருத்தர் செத்துட்டாரே, முப்பத்தொம்பதுதானே இருக்கணும்?" என்றார் என்னைப் பார்த்து.

கடைசிக் கட்டத்தில் யாரும் இல்லை. பலகை அப்படியே தொங்கியது. அதன் கம்பியில் வாடிக் கருத்த மாலை ஒன்று. மரச்சட்டத்தைப் புதிதாக அடித்து நிறுத்தியிருந்தார்கள். மேசை மேல் ஏழெட்டு ஈர ஜாடிகள் வரிசையாக இருந்தன. ஏன் செய்தேன் என்று தெரியவில்லை, ஒன்றை எடுத்துக் கவிழ்த்தேன்.

கட்டைவிரல் ரேகை. குறுக்கே வெட்டுத் தழும்பு.

மண் இன்னும் பளபளத்தது. என் விரலில் ஒட்டியது. அழுத்திப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அடுத்ததைக் கவிழ்த்தேன், அதிலும் அதே ரேகை. ரேகை முன்னைவிடச் சின்னதாகத் தெரிந்தது. பயத்தில் எனக்கு அப்படித் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"இதை யார் செஞ்சது?" என்று சார் மேனேஜரைக் கேட்டார்.

"அவரு கம்பெனி ஓடிட்டுதான் சார் இருக்குது. காண்ட்ராக்டுன்னா அதான? அவரே வரணும்னு இல்ல, வேற ஆள வெச்சி செஞ்சிக்கலாம். நாங்க தலையிடறதில்ல."

"அந்த வேற ஆளு எங்க?"

"அத அவரத்தான் சார் கேக்கணும்."

மேனேஜர் கிண்டலாகச் சொல்லவில்லை. சாதாரணமாக, விலாசம் சொல்வதுபோலச் சொன்னார். சுற்றிலும் முப்பத்தொன்பது பேர் தலை நிமிராமல் அச்சில் மண் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தேவசகாயம் சார் ஒரு ஜாடியை எடுத்து, ரேகையின் மேல் ஸ்கேலை வைத்து, எதையோ குறித்துக்கொண்டார். வாசலுக்கு வந்ததும் வீட்டுத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். என்ன அளந்தார் என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

மறு வாரம் அஞ்சலை ஆபீசுக்கு வந்தாள். புருவமும் முன்முடியும் வெள்ளையாக இருந்தன. பார்த்ததும் புரிந்துவிட்டது.

"நீங்கதான் அந்த எடத்துல வேலை செய்யறீங்களா?"

"ஆமாங்க. நீங்க வந்தப்ப மண்ணு கலக்குற ரூம்புல போயி நிக்கச் சொல்லிட்டாங்க. காரியம் முடிஞ்ச மறுநாளே வேலைக்குப் போயிட்டேங்க. கொஞ்சம் உட்டா அந்த எடத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. பொண்ணு பிளஸ் டூ படிக்குதுங்க."

"ஜாடியில அவர் ரேகை எப்படிம்மா வருது?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து என் மேசை மேல், கோப்புகளுக்கு நடுவில் வைத்தாள். கட்டைவிரல். நகம் இல்லை. நுனி மட்டும், ரேகையும் தழும்புமாக. நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டேன்.

"பயப்படாதீங்க மேடம், மண்ணுதான். அவரு குறி இருந்தாத்தான் ஜாடிய எடுத்துக்குவாங்க. புதுக் குறின்னா புது ஆளுன்னு சொல்லிடுவாங்க. அதான், அவரு கடைசியாச் செஞ்ச ஜாடி ஒண்ணு சுட்டு வந்துச்சு. அதுக்கு அடியில ஈர மண்ண அழுத்தி எடுத்தேன். வெரலு மாதிரியே வந்துச்சு. சூளைக்குப் போற சரக்கோட சரக்கா வெச்சிச் சுட்டுட்டேன்." அதை விரலால் தடவியபடி, "அவரு கைய புடிச்சிக்கிட்டு வேல செய்யறாப்புல இருக்குதுங்க. ஆனா சில்லுனு இருக்குது" என்றாள்.

அந்த மொட்டைக் கடுதாசியும் அவர்கள் வீட்டிலிருந்து வந்ததுதான் என்று அன்றுதான் தெரிந்தது. கலியபெருமாளுக்கு எழுதத் தெரியாது. சொல்லச் சொல்ல மகள் எழுதியிருக்கிறாள். எல்லாரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது அவர் ஒருவர் மட்டும் போடவில்லையாம். 'நான் வேலக்காரன், என்னை மொதலாளின்னு எழுதினா எப்பிடி?' என்று சண்டை போட்டிருக்கிறார். வேலை தெரிந்த ஆள் என்பதால் கம்பெனியும் விட்டுப் பிடித்திருக்கிறது. அவர் கூப்பிட்டுத்தான் நான் போயிருக்கிறேன். போய், அவர் நீட்டிய கையைப் பார்த்துவிட்டு, அனைவரும் என்று எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.

கடலூரில் விசாரணை தொடங்கியது. அஞ்சலைக்குச் சாதகமாக எங்களிடம் இருந்த பெரிய விஷயம், கலியபெருமாள் பெயரில் ஒப்பந்தம் இல்லை என்பது. முதல் நாளே கம்பெனி வக்கீல் இரண்டு காகிதங்களைத் தாக்கல் செய்தார். ஒன்று, என் பழைய அறிக்கை. இன்னொன்று, கலியபெருமாளின் ஒப்பந்தம். இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. கீழே ஊதா மையில் வலது கட்டைவிரல் ரேகை, குறுக்கே தழும்பு.

அஞ்சலையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரேகை நிபுணர் பார்த்தார். ரேஷன் கடைப் பதிவேட்டில் கலியபெருமாள் வைத்திருந்த கைநாட்டும் ஒப்பந்தத்தில் இருப்பதும் ஒரே ஆளுடையவை என்று சொல்லிவிட்டார். வக்கீலுக்கு வாயெல்லாம் பல். எனக்கு எல்லாம் முடிந்தது என்று தோன்றியது. தேவசகாயம் சார் மட்டும் நகல்களை ஆபீசுக்கு எடுத்துவந்து, ஜன்னல் வெளிச்சத்தில் பரப்பி, ஸ்கேலை வைத்தார். தழும்பின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை.

"ரேஷன் கடையில பதினாலு மில்லி" என்றார். "பத்திரத்துல பதினொண்ணுதான் வருது. அன்னைக்கு நாம பாத்த ஈர ஜாடியிலயும் பதினொண்ணு. வெரலு எப்பம்மா சுருங்கும்?"

விரல் சுருங்காது. மண் சுருங்கும். சூளையில் வெந்தால் பத்தில் ஒரு பங்கு சுருங்கும் என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஜாடியில் ஒருமுறை சுருங்கிய ரேகை, அஞ்சலை செய்த விரலில் இன்னொரு முறை சுருங்கியிருக்கிறது. அந்தப் பத்திரத்தில் பதிந்தது உயிருள்ள விரல் இல்லை. கலியபெருமாள் செத்த பிறகு, சுட்ட மண்ணை மையில் தோய்த்து அழுத்தியது.

அஞ்சலையை வரவழைத்துக் கேட்டேன். உடைந்து அழுதாள்.

"மேஸ்திரி மடிச்ச காயிதம் ஒண்ணக் கொண்டாந்தாரு மேடம். எடம் உனக்கே நிக்கணும்னா உன் வூட்டுக்காரர் கைநாட்டு வேணும், அதான் வெச்சிருக்கியே, அதால ஒரு அழுத்து அழுத்துன்னாரு. முப்பதாம் நாளு. எடத்துக்குத்தான்னு நெனச்சி நானே அழுத்துனேன். அவரு உசுரோட இருக்கங்காட்டியும் வெக்காத கைநாட்ட நான் வெச்சிட்டேனே!"

இதைச் சொன்னால் அவளுக்கு அந்த இடம் போய்விடும், சொல்லாவிட்டால் வழக்குப் போய்விடும். சார் எதையும் வற்புறுத்தவில்லை. என் பழைய அறிக்கையை மட்டும் என் பக்கம் நகர்த்தினார்.

"அந்தம்மா சொல்றது அவங்க இஷ்டம். இத எழுதினது நீங்க. அங்க நின்னு படிக்கப்போறதும் நீங்கதான்."

அடுத்த விசாரணை அன்று, சார் எழுதிக் கொடுத்த அளவுகளைப் படித்திருந்த விசாரணை அதிகாரி மேனேஜரைத்தான் முதலில் கேட்டார். இன்னும் சுடாத பச்சை ஜாடி ஒன்றையும் சுட்ட ஜாடி ஒன்றையும் அவர் முன் வைத்து, "இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவைதானே? ஏன் இது சின்னதாக இருக்கிறது?" என்றார். மேனேஜர் முப்பது வருடத் தொழில்காரர். தொழிலைப் பற்றி யாராவது கேட்டால் அவருக்கு முகம் மலர்ந்துவிடும். வக்கீல் சைகை காட்டுவதற்குள் சொல்லிவிட்டார்.

"சுட்டா சுருங்கும் சார். எங்க மண்ணுல சுத்தமா பத்துல ஒண்ணு கொறையும். அதுல மறுபடி அச்செடுத்துச் சுட்டா இன்னும் பத்துல ஒண்ணு போயிடும். மில்லி கணக்கா சொல்லலாம்."

"பதினாலு மில்லி, இரண்டு முறை சுட்டால்?"

"பதினொண்ணு சொச்சம் சார்" என்றார் மேனேஜர் பெருமையாக. பிறகுதான் அதிகாரியின் கையில் இருந்த ஒப்பந்தத்தையும், அதன் மேல் கிடந்த ஸ்டீல் ஸ்கேலையும் பார்த்தார். அஞ்சலை கொண்டுவந்து வைத்த வெள்ளைக் கட்டைவிரல் மேசை மேல் நின்றுகொண்டிருந்தது.

அஞ்சலை எழுந்து, "நான்தாங்க அழுத்துனேன்" என்று நடந்ததைச் சொன்னாள். அடுத்து நான். என் அறிக்கையைப் படித்தேன். 'அனைவரும்' என்ற இடத்தில் நிறுத்தினேன்.

"இது தவறு. முப்பத்தொன்பது பேர்தான் அப்படிச் சொன்னார்கள். கலியபெருமாள் சொல்லவில்லை. அவர் என்னிடம் தன் கையைக் காட்டினார். நான் அதை எழுதவில்லை."

வக்கீல் என்னைக் குடைந்தெடுத்தார். எனக்கு மெமோவும் வந்தது. அது நியாயம்தான், எனக்கு அதில் வருத்தம் இல்லை. மணி அடித்ததும், விரலைத் தூக்கி அனுமதி கேட்டதும், நாற்பது சோடி செருப்பும் என் குறிப்புப் புத்தகத்தில் இருந்தன. அதையும் எடுத்துக்கொண்டார்கள். கலியபெருமாள் அந்தக் கம்பெனியின் தொழிலாளியே என்று உத்தரவு வந்தது. இழப்பீடும் தாமதமில்லாமல் வந்து சேர்ந்தது. உத்தரவு வந்த அன்று அஞ்சலை அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள்.

"வேலக்காரருன்னு எழுதியிருக்குதா?"

"எழுதியிருக்குது."

"பேரு போட்டா?"

"பேரு போட்டு."

அந்த மண் விரலைத் திருப்பிக் கேட்டாள். சாட்சிப் பொருளைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். எங்கேயோ ஓர் உறையில், எண் ஒட்டி, அது இன்னும் இருக்கும். அவள் எனக்கு ஒரு ஜாடி கொண்டுவந்து கொடுத்தாள், அவர் போன பிறகு அவள் செய்தது. அதில் ரேகை மூன்றாம் முறையும் சுருங்கி, குழந்தை விரல் அளவுக்கு வந்திருக்கிறது. என் சமையலறையில் இருப்பது அதுதான்.

இத்தோடு முடித்திருந்தால் அந்த இரண்டு பெண்களும் சந்தோஷமாகப் போயிருப்பார்கள். முடியவில்லை.

தேவசகாயம் சார் ஓய்வு பெற்று, நான் அவர் இடத்துக்கு வந்த வருடம், அந்தக் கம்பெனிக்கு மறுபடி ஆய்வுக்குப் போனேன். வாசலில் நின்றேன். நாற்பது சோடி. உள்ளே சுண்ணாம்புக் கோடுகள் இல்லை. மஞ்சள் பெயிண்ட்டில் நிரந்தரமாகவே அடித்துவிட்டிருந்தார்கள். கடைசிக் கட்டத்துக்குப் போனேன். புதுப் பலகை. 'அஞ்சலை எண்டர்பிரைசஸ்.'

அவள் அச்சைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முகம் முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்ததும் சிரிப்பாள் என்று நினைத்தேன். என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். நான் திரும்பவில்லை. விதிப்படி கேட்கவேண்டியதைக் கேட்டேன்.

"நீங்க இங்க என்ன வேலை செய்யறீங்க?"

"நான் இங்க வேல செய்யலைங்க. இது என் கம்பெனிங்க."

அதே இழுப்பு. உதடு அசையாமல், மூச்சுக் காற்றாக அவள் இன்னொன்றும் சொன்னாள். "பொண்ணு காலேஜிக்குப் போவுதுங்க மேடம். போயிட்டு வாங்க."

அன்று அறிக்கையில் 'அனைவரும்' என்று எழுதவில்லை. நாற்பது பேரின் பதிலையும் நாற்பது தடவை தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே நான் கண்ணால் பார்த்ததையும் எழுதினேன். பதினெட்டுப் பக்கம் வந்தது. அது மேலே போனது. நான் ஓய்வு பெறும் வரை கீழே வரவில்லை.

அன்று கம்பெனியிலிருந்து கிளம்பும் முன் மேனேஜரிடம் ஒப்பந்தங்களைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாக எண்ணினேன். நாற்பது இருந்தன. கடைசியில் அஞ்சலையுடையது. ஊதா மையில் கட்டைவிரல் ரேகை. அவளை அழைத்து, ஒரு வெள்ளைத் தாளில் என் முன்னால் இன்னொரு ரேகை வைக்கச் சொன்னேன். வைத்தாள். நானும் அப்போது ஒரு ஸ்டீல் ஸ்கேல் வைத்திருந்தேன். இரண்டையும் அளந்தேன். ஒரு மில்லிகூடக் குறையவில்லை.